அஞ்சு மணிக்குள்ள

அட நல்லா பாருங்க தம்பி, நா ஒண்ணும் சொல்லல. பச்சையும் செவப்புமா கோடு ஏறி எறங்குதே, ஷேருதானே அது? தெரியும் தெரியும். வேட்டி கட்டிக்கினு மஞ்சப்பைய மடில வச்சிருந்தா ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சுட்டீங்களா? மல்லாட்டை எடுத்துக்குங்க. வேவிச்ச கடலை, இன்னும் சூடு ஆறல. கடலூர் போய்ச் சேர மணி என்னா ஆவும்? மூணா? ம்... மூணு.

எனக்கு ஒரு மச்சான் இருக்கான், அறிவழகன்னு. எங்க வூட்டுக்காரி ரத்தினம்மாளுக்குத் தம்பி. அண்ணாமலை நகர்ல ஆபீஸ் வேல. வேலன்னா என்னா வேல, கையெழுத்துப் போட்டுட்டு ஃபேனுக்குக் கீழ ஒக்காந்து நாள் பூரா போன நோண்டுறது. உங்கள சொல்லல தம்பி, கோவிச்சுக்காதீங்க. அந்த நாயி போயும் போயும் ஒரு காஸ் கம்பெனில காசு போட்டிருக்கான். எங்க ஊர்ல பூமியத் தோண்டணும்னு வந்து நிக்கிறானே, அதே கம்பெனில.

எங்க ஊரா? முட்லூர் தாண்டி உள்ள போவணும், பேரு சொன்னா உங்களுக்குத் தெரியாது. நெல்லும் மல்லாட்டையும்தான் வெள்ளாமை. கடல் கூப்புடு தூரத்துல இருக்குது, ஆனா முப்பதடி போரு போட்டா எளநி மாதிரி தண்ணி. எங்ககிட்ட இருக்குற சொத்தே அதான். நடுவுல ஒரு ஓட்டையப் போட்டு உப்பு ஏறிச்சுன்னா அப்புறம் உப்பளம்தான் போடணும்.

கம்பெனி பெருசா? அட ஏங்க! பெரிய கம்பெனிகாரன் வேணாம்னு வுட்டத ஏலத்துல எடுத்தவன். அவனுக்கு மொத்தமே மூணு எடம்தான், அதுல எங்க ஊரு ஒண்ணு. தொப்பி போட்ட ஒருத்தன் வந்து ஸ்கூல்ல தெர கட்டிப் படம் காட்டுனான். உங்க காலுக்குக் கீழ காஸ் இருக்குது, உங்க வாழ்க்கையே மாறப்போவுதுங்குறான். ஏன்யா, எங்க வூட்டு சிலிண்டருக்கு போன் பண்ணா அஞ்சு நாள் கழிச்சுல்ல வருது, மொதல்ல அத மாத்துய்யான்னேன். அவன் கூட்டிக்கினு வந்தவனுங்களே சிரிச்சுட்டானுங்க.

அப்புறம் ஒரு நாள் செவப்புத் துணி கட்டுன குச்சிய வரிசையா நட்டுட்டுப் போயிட்டானுங்க. எங்க? சின்னம்மாள் கொல்லையில. புருஷன் இல்லாதது, அரை ஏக்கரு, ஒரு போரு, அவ்வளவுதான் அதுக்கு. அது அழுதுக்கினு எங்கிட்ட ஓடியாந்துச்சு. நா போயி ஒரு குச்சி வுடாம புடுங்கியாந்து எங்க வூட்டுப் பாகக்கா பந்தலுக்கு முட்டுக் குடுத்துட்டேன். நல்ல குச்சி. இப்பவும் காய் தொங்குது. அன்னிலேந்து ஊர்ல நான்தான் தலைவர். உத்திராபதின்னு பேரு சொல்லி யாரும் கூப்புடுறதில்ல. சிரிக்காதீங்க, நெசம்தான்.

ரோட்டுல ஒக்காந்தோம் தம்பி. மூணு தடவ. அவன் லாரிய உள்ள வுடல. சித்திர மாச வெயிலு, பொம்பளைங்கள்லாம் தலைல முந்தானையப் போட்டுக்கினு. நா முந்தின நாளே மச்சானுக்கு போனப் போட்டு, நாளைக்கு மறியலுடா, டிவில பாருடான்னு பெருமையா சொல்லுவேன். எழுந்திருக்கப் போறோம்னாலும் சொல்லுவேன். அந்தக் களவாணி என்னா பண்ணியிருக்கான் தெரியுமா? நா ஒக்காருறேன்னு சொன்னா வித்துடுறது. எழுந்திருக்கிறேன்னா வாங்கிப் போட்டுர்றது. எனக்கு எங்க தெரியும்? பொங்கலுக்குப் புது வண்டில வந்து எறங்கி, மாமா எல்லாம் உங்க புண்ணியந்தான்னு கால்ல வுழுறான்! நீங்க ஒக்காந்தா வெல எறங்குது, எழுந்தா ஏறுதுங்குறான்.

என்னா பண்ணேனா? காறித் துப்புனேன். சோத்துல ஒக்காந்தவன எழுப்பி வுட்டேன். எங்க வூட்டுக்காரி ரெண்டு நாள் எங்கிட்ட பேசல. இதெல்லாம் ஒரு பொழப்பா தம்பி? வெயில்ல காயுறவன் முதுகு மேல ஏறி மாங்கா பறிக்கிற பொழப்பு.

ஊர்க்காரனுங்க மட்டும் யோக்கியமான்னு கேக்குறீங்களா? நல்லா கேட்டீங்க. கோஷம் போடக் கூப்புட்டா டீ, வட இருக்குதாம்பான். நெலத்துக்கு வாடக எவ்வளவு தருவானாம்னு பின்னால வந்து என் காதுல கேப்பான். இருநூத்திப் பன்னெண்டு பேரு கையெழுத்துப் போட்டிருக்கான், அதுல எழுத்துக் கூட்டிப் படிச்சவன் ஒருத்தன் இல்ல. தலைவரு சொன்னா சரின்னு போட்டுட்டான். மொதல் கைநாட்டு மட்டும் சின்னம்மாளுது. அது மட்டும் ரெண்டு தடவ படிக்கச் சொல்லிக் கேட்டுச்சு.

என்னா கையெழுத்தா? ஆட்சேப மனுதான். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள கலெக்டர் ஆபீஸ்ல சேத்துடணும். இல்லாட்டி ஊருக்குச் சம்மதம்னு எழுதிப்பான், நாளான்னைக்கே மிஷின் எறங்கிடும். ஆமா, இந்தப் பையிலதான் இருக்குது. ஊரே பஸ் சார்ஜு போட்டு என்னிய அனுப்பி வச்சுது. இந்த மல்லாட்டை கூட சின்னம்மாள் குடுத்ததுதான். மத்தியானம் அடுப்ப மூட்டி வேவிச்சு, அண்ணே பசியோட போவாதண்ணேன்னு முந்தானைல மூடி எடுத்தாந்துச்சு. எடுத்துக்குங்க, ஏன் வச்சுட்டீங்க?

ஆலப்பாக்கமா இது? அதுக்குள்ள வந்துட்டானே. எப்பவும் உருட்டிக்கினு வருவான், இன்னிக்குன்னு பறக்குறான்.

கலெக்டர் ஆபீஸு மஞ்சக்குப்பத்துல, நீங்க எறங்குற எடத்துலயா? எனக்கு வழியக் காட்ட வேணாம் தம்பி, இருபது தடவ போன ஆபீஸு. நா அங்க எறங்கல. தேவனாம்பட்டினம் போறேன். சும்மாதான். கடக்கரைல காத்தாட ஒக்காந்துட்டு, அஞ்சரைக்கு மேல கெளம்பி வூட்டுக்குப் போயிடுவேன். பஸ்ஸு பஞ்சருன்னா நம்புவானுங்க. தலைவரு சொன்னா சரிதானே அவுங்களுக்கு.

ஏன் அப்புடிப் பாக்குறீங்க? துப்புனது நெசம்தான், இல்லன்னு சொல்லல. மறுநாள் நானேதான் அண்ணாமலை நகருக்குப் போனேன். மச்சான் என் போன வாங்கி அவனே எல்லாத்தையும் போட்டுக் குடுத்தான். ஒரு வார்த்த கேக்கல, அந்த நாயி. ரத்தினத்தோட ரெட்டவடச் சங்கிலிய அடகு வச்சுத்தான் அந்த ஷேர வாங்குனேன், அதுக்கு இன்னும் தெரியாது.

அத வுடுங்க. அந்தக் கம்பெனி உங்க போன்ல வருமா? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. கண்ணாடிய வூட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன். பச்சையா செவப்பா?