வானம் தொண்ணூறு டிகிரியில் முடியவில்லை

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் அனந்தபத்மநாபன் அவர்களே, ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, துணி காயப்போடும் மாடியை எங்கள் ஆன்டெனாவுக்கு விட்டுக்கொடுத்த லிங்கராஜபுரத்துத் தாய்மார்களே, வணக்கம்!

எங்கள் அமெச்சூர் ரேடியோ சங்கத்தின் வெற்றி எதில் தொடங்கியது? ஒரு மோட்டாரில். செயற்கைக்கோள் போகும் பக்கமெல்லாம் ஆன்டெனாவைத் திருப்பும் ரொட்டேட்டரில்.

எதை வாங்குவது? எங்கள் சங்க உறுப்பினர் ராம்கி எழுந்தார்.

"அடிவானம் சைபர் டிகிரி. உச்சி தொண்ணூறு. அதுக்கு மேல வானமே இல்ல குரு! நூத்தியெண்பது சாயற மாடல் சும்னே தண்டம்."

கைதட்டினோம். தொண்ணூறோடு நிற்கும் மாடலையே வாங்கினோம். சிரிக்காதீர்கள், முன்வரிசையில்தான் இருக்கிறார்.

பிறகு ஸ்னேஹா வந்தாள். கல்லூரித் தோழர்களோடு அவள் கட்டிய சின்னஞ்சிறு செயற்கைக்கோள், மின்மினி. அதன் பேட்டரி வற்றிக்கொண்டிருந்தது. 'எல்லாவற்றையும் நிறுத்து, சார்ஜ் ஏற்று' என்ற கட்டளை போய்ச் சேர வேண்டும். இல்லையேல் அது வானத்தில் வெறும் தகரம். அதன் குரலோ மெலிந்த குரல். உச்சியை ஒட்டி வரும்போது மட்டுமே கேட்கும்.

வந்தது. வடக்கில் எழுந்தது. உச்சியில் பேசியது! கட்டளையை அனுப்புவதற்குள் எங்கள் ஆன்டெனா அங்கேயே முட்டி நின்றது. கோள் தெற்கே சரிகிறது. ஆன்டெனாவோ மேலும் சாய முடியாமல் மாடியில் அரைவட்டம் சுற்றுகிறது. மெல்ல. மிக மெல்ல. சுற்றி முடித்தபோது இரைச்சல் மட்டும் இருந்தது.

"போச்சா ஆன்ட்டி?" என்றாள் ஸ்னேஹா.

"திரும்ப வரும்மா," என்றார் எங்கள் செயலாளர் மௌரீன். "டேய் ராம்கி, காத்தாடி தலைக்கு மேல தாண்டிப் போனா நீ என்ன பண்ணுவ?"

"மல்லாந்து பாப்பேன்."

"ஆன்டெனாவுக்கு மட்டும் ஏண்டா கழுத்தை இறுக்கின?"

 நூற்றெண்பது சாயும் மாடலை ராம்கியே தோளில் சுமந்து மாடி ஏறினார்.

மறுபடி மின்மினி வந்தது. எழுந்தது. ஏறியது. உச்சியைத் தொட்டது. ஆன்டெனா நின்றதா? இல்லை! சுற்றியதா? இல்லை! தலைக்கு மேலே தாண்டி, பின்னால், பின்னால், மல்லாந்துகொண்டே போனது. ஸ்னேஹா கட்டளையை அனுப்பினாள். மௌனம். பிறகு ஒரு சிறு கீச்சொலி: ஏற்றுக்கொண்டேன்.

"ஆய்து! ஆய்து!" ஆயிற்று, ஆயிற்று என்று கன்னடத்தில் கத்தியவர் யார்? ராம்கிதான்!

இதோ, வாசலில் ஸ்னேஹா கைகாட்டுகிறாள். மின்மினி இப்போது வடக்கே எழுகிறது. அவையோரே, நன்றி. மீதிப் பேச்சை அதுவே பேசட்டும். மாடிக்கு வாருங்கள்!