நின்றுபோன ஊசல்

கழுகுமலையிலிருந்து கோவில்பட்டி போகும் பேருந்து. எனக்கு முன்சீட்டில் இரண்டு பிளஸ் ஒன் மாணவிகள். ஜன்னலோரம் இருந்தவள் திடீரென்று சொன்னாள்:

"லேப்ல நான் மூச்சைக்கூட அடக்கிப் பாத்துட்டேன்ட்டி. அப்பவும் குண்டு நின்னுட்டுது."

"எந்தக் குண்டு?"

"நூல்ல கட்டி ஆட்டுவோம்லா, ஊசல் குண்டு. மிஸ் கம்ப்யூட்டர்ல காட்டுனது பீரியட் முடியுற வரைக்கும் ஆடுச்சு. நெசக் குண்டுதான் நிக்குது."

"கம்ப்யூட்டர்ல அவிய காத்தை சைபர்ல வச்சிருந்தாவ. காத்து தடுக்கலன்னா நிக்காது."

"அதுக்குத்தான ஃபேனை அமத்துனேன்? ஜன்னலையும் சாத்துனேன்."

"ஃபேனை அமத்துனா காத்து இல்லாம போயிருமா?"

"பின்ன?"

மற்றவள் பிராக்டிகல் நோட்டை எடுத்துப் புரட்டினாள். பிறகு, "ஏட்டி, எனக்கும் இப்பக் குழப்பமா இருக்கு. நாளைக்குப் பிராக்டிகல்ல என்னத்த எழுத?" என்றாள்.

கோவில்பட்டியில் பேருந்து நின்றது. அந்த இருவரைத் தவிர எல்லோரும் எழுந்தோம். கம்பியில் அவர்கள் மாட்டியிருந்த சாப்பாட்டுப் பை மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. இருவரும் அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"இறங்கலியா பாப்பா?" என்றார் கண்டக்டர்.

"ஒரு நிமிஷம் அண்ணாச்சி, இது நிக்குதான்னு பாத்துட்டு வாறோம்."

ஜன்னலோரம் இருந்தவள் கையை நீட்டி, ஜன்னல் கண்ணாடியை இழுத்துச் சாத்தினாள்.