பாவடி மரங்களும் இரண்டு கடிகாரங்களும்

1944-ஆம் ஆண்டு, பிப்ரவரி இருபத்தாறு, சனிக்கிழமை. புது மணி ஆறே முக்கால். பாவடியில் கூடியவர்கள் நாற்பத்து மூன்று பேர். அண்ணாந்து பார்த்த மரங்கள் பன்னிரண்டு. அவற்றிலிருந்து நம் கண்முன்னே எழுந்து பறந்த பறவைகள் இரண்டாயிரத்து நூற்று நாற்பது!

கணக்கை முதலில் சொல்லிவிட்டேன். வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் எழுந்து போய்விடுவீர்கள் என்கிற பயம். இப்போது முறைப்படி வருகிறேன்.

இந்த மன்றத்துக்குத் தலைமை தாங்கும் தலைமையாசிரியர் பெருந்தகை ஜெபதுரை ஐயா அவர்களே! அருப்புக்கோட்டையின் அறிவிற் சிறந்த பெரியோர்களே! இழை அறுந்தால் இமைப்பொழுதில் முடிச்சுப் போட்டுவிடும் கைகளையுடைய தாய்மார்களே! பாலவனத்தத்திலிருந்து வண்டி கட்டி வந்திருக்கும் வேளாண் பெருமக்களே! அந்தப் பன்னிரண்டு மரங்களையும் கரிக்குக் கேட்டு, முன்வரிசையில் விசிறியோடு வீற்றிருக்கும் கரிக் காண்டிராக்டர் நல்லகண்ணு அண்ணாச்சி அவர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

என் பெயர் தவசி. மதுரையில் இயந்திரம் படித்தவன். பெட்ரோலையெல்லாம் போர் குடித்துவிட்டது. கரியைத் தின்று ஓடுகிற பஸ்ஸுக்கு வைத்தியம் பார்ப்பது என் தொழில்.

"அப்ப நீயும் அண்ணாச்சி கட்சிதானப்பா!"

யார் அங்கே? மாரிச்சாமி அண்ணனா? பொறும். நான் எந்தக் கட்சி என்பது எனக்கே நேற்றுக் காலையில்தான் தெரிந்தது.

பாலவனத்தத்துப் பெரியோருக்காக ஒரு சொல். பாவடி என்பது, தறியில் ஏறப்போகும் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி பூசி, நிழலில் ஆற்றி எடுக்கிற வெளி. நம் தெருவுக்குப் பாவடி ஒன்றே. ஆகவே முறை வைத்திருக்கிறோம். ஏழு மணிக்குக் கோயில் மணி அடித்தால் முதல் முறைக்காரர் பாவு. எட்டு அடித்தால் இரண்டாம் முறைக்காரர். மணிதான் நமக்கு நாட்டாண்மை.

அங்கேதான் வந்தது வழக்கு. கஞ்சி பூசிய வெள்ளைப் பாவில் பறவை எச்சம்! அற்புதமேரி அக்காளுக்குக் கிறிஸ்துமஸுக்குப் பின் இரண்டு பாவு கறைபட்டுப் போயின. நூலோ கண்ட்ரோலில், அளந்துதான் கிடைக்கிறது. நூல் கொடுக்கிற தனுஷ்கோடி முதலாளி சொல்லிவிட்டார்: "இன்னொரு கறை விழுந்துச்சுன்னா என்னால நூலு தர ஏலாது தாயி." அக்காள் தெருக்கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டார்கள்: "மரம் நிக்கணும்னா எங்க அடுப்பு அணையணுமாய்யா?"

இதற்கு யார் பதில் சொல்வது? மரத்தின் மாண்பைப் பற்றி மணிக்கணக்கில் பேசலாம். அடுப்பெரியாத வீட்டில் அது எடுபடுமா? எடுபடாது. நானும் அன்று அக்காள் பக்கமே கை தூக்கினேன்.

மரத்தை அளந்து, எத்தனை மூட்டை கரி தேறும் என்று சொல்லச் சொல்லி அண்ணாச்சி என்னை அனுப்பினார். அளவு நாடாவோடு விடியலில் போனேன். முதல் மரத்தைக் கட்டிப்பிடித்து அளந்துகொண்டிருக்கும்போதே மேலிருந்து என் தலைக்கு அபிஷேகம் நடந்தது.

சிரியுங்கள், சிரியுங்கள். வீட்டில் அம்மா இன்னும் சிரிக்கிறார்கள்.

கோபத்தோடு அண்ணாந்தேன். என்ன பறவை? தெரியவில்லை. எத்தனை? தெரியவில்லை. எப்போது வருகிறது, எப்போது போகிறது? ஒன்றும் தெரியவில்லை! ஓர் இயந்திரம் புகைந்தால் மூடியைத் திறந்து பார்க்காமல் சுத்தியலை எடுப்பானா படித்தவன்? பார்த்தோமா நாம்? பதிந்தோமா? பழியை மட்டும் போட்டோம்! அன்றைக்கே தலைமையாசிரியர் ஐயாவிடம் ஓடினேன். "வெட்டுவதற்கு முன் ஒரு காலை, ஒரே ஒரு காலை, தெருவே கூடி எண்ணிப் பார்ப்போம்" என்றேன். ஐயா உடனே சம்மதித்தார்கள். தெரு சம்மதிக்கத்தான் இரண்டு வாரம் ஆயிற்று.

எண்ணினோமே, அது ஒரு காட்சி! மரத்துக்கு மூன்று பேர். பத்துப் பறவை கிளம்பினால் சட்டியில் ஒரு புளியங்கொட்டை. பொன்னுத்தாய் அக்காள் ஒரே காக்கையை மூன்று தடவை எண்ணிவிட்டு, "அது போயிட்டுப் போயிட்டு வருது, நான் என்னய்யா செய்ய?" என்று என்னையே கேட்டார்கள். மாரிச்சாமி அண்ணன் அணிலைப் பறவைக் கணக்கில் சேர்க்கச் சொல்லிச் சண்டை பிடித்தார். "ஏலே, அது தாவுறதப் பாரு, பறக்குறதுல பாதி!"

தரையிலுள்ள செடிகொடியை எழுதியது சண்முகவடிவு அக்காள் குழு. தும்பை, குப்பைமேனி, கீழாநெல்லி என்று முப்பத்தோரு வகை! நெருஞ்சியை அக்காள் கண்ணால் பார்க்கவில்லை, காலால் பார்த்தார்கள். பறவையில் பத்தொன்பது வகை. தேன்சிட்டு, செம்போத்து, கொண்டலாத்தி, பொந்துக்குள்ளே ஓர் ஆந்தைக் குடும்பம். நாம் பிறந்து வளர்ந்த தெருவில் நமக்குப் பெயர் தெரியாத இத்தனை குடித்தனக்காரர்கள்! ஆனால் கூட்டத்தில் பெருங்கூட்டம் மைனாவும் சோளப்பட்சியும்தான்.

"அந்தச் சோளப்பட்சி எங்க கதிரைத் திங்குதே, அதுக்கு என்ன சொல்லுறீக?"

பாலவனத்தத்துக் குரல். நியாயமான குரல். தின்கிறது ஐயா, நான் மறைக்கவில்லை. வெட்டுக்கிளியையும் தின்கிறது. எதை அதிகம் தின்கிறது? எனக்குத் தெரியாது. உங்களுக்கு? தெரியாதல்லவா? அப்படியானால் அடுத்த கணக்கெடுப்பு உங்கள் சோளக்காட்டில்.

இனிச் செய்திக்கு வருகிறேன். எண்ணி முடித்துக் குறிப்புகளை ஒன்று சேர்த்தோம். புளியமரத்தடியில் எண்ணிய குழு எழுதியது: "கூட்டம் கிளம்பிய நேரம் ஏழு பத்து முதல் ஏழு நாற்பது வரை." அடுத்த வேப்பமரத்தடியில் முத்துமாரியம்மாள் குழு எழுதியது: "ஆறு பத்து முதல் ஆறு நாற்பது."

எனக்குப் பொறுக்குமா? கத்திவிட்டேன். "என்னம்மா இது? பக்கத்து மரம்! ஒரு மணி நேரம் வித்தியாசமா? உங்கள் கடிகாரம் செத்துப்போச்சா?"

அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்ன பதில் இது:

"எங் கடிகாரம் நல்லாத்தான் ஓடுது. சர்க்காருக்குச் சண்டைன்னா அவுக முள்ளை அவுக திருப்பிக்கிடட்டும். எங்க வீட்டு முள்ளை நான் ஏன் திருப்பணும்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் இரண்டு குறிப்பையும் மறுபடி கையில் எடுத்தேன்.

பெரியோர்களே, தாய்மார்களே, இப்போது நான் கேட்கிறேன், நீங்கள் சொல்லுங்கள். சர்க்கார் போருக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னுக்குத் தள்ளியது எப்போது?

"ஒன்றரை வருஷம் ஆச்சு!"

பாவில் கறை விழத் தொடங்கியது எப்போது?

"ஒன்றரை வருஷமாத்தான்!"

கறை விழுந்த பாவெல்லாம் யாருடைய பாவு?

"முதல் முறைக்காரன் பாவு!"

இரண்டாம் முறையில் ஒன்றாவது? மூன்றாம் முறையில் ஒன்றாவது? கிடையாது!

புது மணி ஏழுக்குக் கோயில் மணி அடிக்கிறது. வானத்துக்கு அது ஆறு. விடிந்தும் விடியாத அந்த நேரத்தில், இரண்டாயிரம் பறவைகள் கண் விழித்து, சிறகுதறி, வயிற்றை லேசாக்கிக்கொண்டு கிளம்புகிற அதே நேரத்தில், நேர் கீழே நாம் வெள்ளைப் பாவை விரித்து வைக்கிறோம்! போருக்கு முன் மணி ஏழு அடிக்கும்போது மரம் காலியாக இருந்தது. சர்க்கார் ஆணை போட்டது. தபாலாபீஸ் கேட்டது, பள்ளிக்கூடம் கேட்டது, பஸ்ஸு கேட்டது, நம் கோயில் மணியும் கேட்டது. மைனாவுக்கு யார் ஆணை அனுப்பினார்கள்? அது பழைய சூரியனுக்கல்லவா கட்டுப்பட்டிருக்கிறது!

மணியடிக்கிற அமிர்தராஜ் அண்ணனை யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். அவர் மேல் குற்றமில்லை. குற்றம் மரத்தின் மேலுமில்லை. மணி மாறியதை மறந்து மரத்தைப் பழித்தோமே, அது நம் எல்லாருடைய பிசகு.

என்ன செய்யலாம்? முதல் முறையை எட்டு மணிக்கும் மற்றவற்றை அதற்குப் பின்னும் தள்ளினால் போதும். ஆனால் மரத்தை வெட்டிவிட்டு அப்படித் தள்ள முடியுமா? வெயில் ஏறினால் கஞ்சி காய்ந்து முறுகும், இழை பட்டுப்பட்டென்று தெறிக்கும். தாமதிப்பதற்கு நிழல் வேண்டும். நிழலுக்கு மரம் வேண்டும். நாம் வெட்ட நினைத்ததைக் கொண்டுதான் நாம் பிழைக்க முடியும்!

தனுஷ்கோடி முதலாளி எழுந்து நிற்கிறார்கள். சொல்லுங்கள் ஐயா.

"பாவு வாங்க ஒரு மணி நேரம் கூடக் கடையைத் திறந்து வைக்கேன். அதுக்கென்ன."

கை தட்டுங்கள்! நல்லகண்ணு அண்ணாச்சி, உங்களுக்கும் ஒரு வார்த்தை. கரி எனக்கும் வேண்டும். கரியில்லாமல் நானும் பட்டினி. ஆனால் வேப்பங்கரியைப் போட்டதால் மேட்டில் நின்றுபோன வண்டியை நான் தள்ளியிருக்கிறேன். பரளச்சிப் பக்கம் உடை என்கிற முள்மரம் மண்டிக் கிடக்கிறது. வண்டி ஏற அந்தக் கரிதான் சரி. ஒரு வாரம் பொறுப்பீர்களா?

"ஒரு வாரம்தான், தம்பி. அதுக்கு மேல எனக்கும் லோடு அனுப்பியாகணும்."

நன்றி அண்ணாச்சி. ஆனால் இந்த மேடையில் கடைசி வார்த்தை உங்களுடையதுமல்ல, என்னுடையதுமல்ல. நாளை முதல் முறை யாருடையது? அற்புதமேரி அக்காளுடையது. அக்கா, மணி ஏழு அடித்தும் பாவை விரிக்காமல் ஒரு மணி நேரம் காத்திருப்பீர்களா?

"இருக்கேன் தம்பி. இருந்தும் கறை விழுந்துச்சுன்னா? நீ பஸ்ஸுல ஏறிப் போயிருவே. நான் எங்க போவேன்?"

கேட்க வேண்டிய கேள்வி. இரண்டாயிரம் பறவையை எண்ணிய நமக்கு இந்த ஒரு கேள்வியை எண்ணத் தெரியாவிட்டால் என்ன கணக்கு அது?

அக்கா, பதிலை எழுதியே கொண்டுவந்திருக்கிறேன். தலைவர் ஐயாவுக்கும், விடியலில் கழுத்து வலிக்க அண்ணாந்த நாற்பத்து மூன்று பேருக்கும், முள்ளைத் திருப்பாத முத்துமாரியம்மாளுக்கும் என் நன்றி. எல்லாருக்கும் வணக்கம் கூறி, நான் செய்யப்போவதைப் படித்துவிட்டு அமர்கிறேன்.

1. நாளைக் காலை என் வண்டி ஒரு நடை தாமதம். பஸ் முதலாளியிடம் சொல்லிவிட்டேன். திட்டினார்.

2. புது மணி ஆறரைக்கே பாவடியில் நிற்பேன். கடைசிப் பறவை போகும்வரை எண்ணுவேன்.

3. மரம் காலியானதை அக்காளே பார்த்துச் சொன்ன பிறகு, பாவின் ஒரு முனையை நான் பிடிப்பேன்.

4. இப்படியே ஏழு காலை. எட்டாம் நாள் பாலவனத்தத்துக் காட்டில் சோளப்பட்சிக் கணக்கு.

5. இந்த ஏழு நாளில் அக்காள் பாவில் ஒரே ஒரு சொட்டு விழுந்தாலும், அந்த நூலுக்கு நான் பொறுப்பு. கோடரியை அண்ணாச்சி தர வேண்டாம், நானே கொண்டுவருவேன். முதல் வெட்டு என் கையால் விழும்.