‘சின்னப்பா காலமானார்’ என்ற வரி

யாராவது என்னிடம் தப்பு கண்டுபிடித்தால் எனக்குக் காது சிவந்துவிடும், இன்ஸ்பெக்டர் சார். பிறவிக் கோளாறு. இதற்குப் பயந்தே என் மனைவி அன்னம்மாள், நான் வைக்கும் ரசத்தில் உப்பே இல்லாவிட்டாலும் வாய் திறக்காமல் குடித்துவிடுவாள்.

இந்த 1999 தொடக்கத்தில், தமிழ் மின்னஞ்சல் குழு ஒன்றில் ஒரு யோசனை எழுதினேன். இன்டர்நெட்டில் தமிழுக்கு ஒரு கலைக்களஞ்சியம்; யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். உலகமே திரண்டு வரும் என்று எலக்ட்ரானிக் சிட்டி ஆபீஸுக்கு லீவு போட்டுக் காத்திருந்தேன். என் மச்சான் மட்டும் ‘வாழ்த்துகள்’ என்று பதில் போட்டார். சரி, தொலையட்டும் என்று எல்லாக் கட்டுரைகளையும் நானே எழுதி ஏற்றினேன்.

பெங்களூரில் எங்கள் ஆஸ்டின் டவுன் கால்பந்து பற்றிய கட்டுரையில், பழைய கோல்கீப்பர் சின்னப்பா 1994-இல் காலமானார் என்று எழுதியிருந்தேன். டீக்கடையில் காதில் விழுந்த செய்தி. கொஞ்ச நாளில் ஒரு பெரியவர் வந்து கதவைத் தட்டினார். சின்னப்பாவேதான்.

“நான் உயிரோடதான் இருக்கேன் சார். துபாயில பொண்ணு அதப் படிச்சிட்டு அழுவுது. அந்த ஒரு வரிய மாத்தி உடுங்க.”

களஞ்சியத்துக்கு வந்த முதல் திருத்தம் அது. நியாயமாக நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். காதுதான் சிவந்தது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்களே, நான் அந்த ரகம். ஆதாரம் வேண்டும் என்றேன். மனிதர் ரேஷன் கார்டு கொண்டுவந்தார். அது முகவரிக்குத்தான் ஆதாரம், உயிருக்கு அல்ல என்று திருப்பி அனுப்பினேன். அவர் கோபப்படவில்லை. கம்ப்யூட்டர் தெரிந்த பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டு அந்த மின்னஞ்சல் குழுவுக்கே எழுதச் சொல்கிறேன் என்றார். குழுவில் அத்தனை பேரும் படிப்பார்கள்.

மறுநாள் நானே அவர் வீட்டுக்குப் போனேன். புதுப் படத்தோடு திருத்திவிடலாம், வாருங்கள் என்றேன். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வெளிச்சத்துக்காக எங்கள் வாடகை வீட்டு மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனேன். அங்கே வீட்டுக்காரர் இன்னும் கைப்பிடிச் சுவர் கட்டவில்லை. கேமராவில் பார்த்தால் சின்னப்பாவின் தலை வெட்டுப்பட்டது.

“கொஞ்சம் பின்னால போங்க,” என்றேன். சிரித்துக்கொண்டே போனார். தலை முழுதாகத் தெரிந்த பிறகும் இன்னொரு தடவை சொன்னேன்.

நீங்கள் ரிப்போர்ட்டில் ‘தள்ளினார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அவரைத் தொடவே இல்லை. ‘மனசாட்சி உறுத்திச் சரணடைந்தார்’ என்பதையும் அடித்துவிடுங்கள். விழுந்தவர் ஆஸ்பத்திரியில் சில நாள் இழுத்துக்கொண்டு கிடந்தாராம். உயிர் போன தேதியைக் கேட்டால் அங்கே எனக்குச் சொல்ல மறுக்கிறார்கள். அதைக் கேட்டுப் போகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

காலமானார் என்பது சரியாகத்தான் இருக்கிறது. ஆண்டு மட்டும் என் தப்பு சார், ஒப்புக்கொள்கிறேன்.