மம்மிப் பெட்டிக்கு உபயதாரர்

— அதெல்லாம் இருக்கட்டும் டீச்சர். இந்த எகிப்து மம்மியச் சுத்தப் போற துணி யாரு துணி?

— உங்க துணிதான் ஐயா. ராஜபாளையத்துல ஆவுடையப்பன் ஐயா பேண்டேஜ் கம்பெனியத் தவிர எங்க பிள்ளைகளுக்கு யாரு இருபது ரோல் சும்மா குடுப்பாங்க?

— இந்த மம்மிப் பெட்டி?

— அதுவும் உங்க கம்பெனிப் பலகைதான்.

— பொறவு எம் பேரு எங்க? பெட்டி மேல வளையம் போட்டு, உள்ள பாம்பும் நாணலுமால்ல வரைஞ்சு வெச்சிருக்கீக.

— அது எகிப்து எழுத்து ஐயா. எங்க அஞ்சாம் வகுப்புப் பிள்ளைக நாப்பது பேருக்கும் அதுல பேரு எழுத வரும். மூணே வாரம். டிக்டேஷன்ல கோட்டை விடுற பிள்ளைகூட ஆந்தையும் கழுகும் பிழையில்லாமப் போடுது.

— சந்தோசம். விவரம் தெரியுமா டீச்சர், எகிப்துக்காரன் பொணத்தச் சுத்துனான் பாத்தீகளா, உலகத்துலயே முதப் பேண்டேஜு அதுதான். நம்ம தொழிலுக்கு அவன் மூத்த அண்ணன். அவன் எழுத்துல ஆவுடையப்பன் பேரு இருக்கணுமா இல்லையா?

— அது வந்துங்க ஐயா... கீழ ஒரு அட்டையில தமிழ்ல 'உபயம்'னு பெருசாப் போட்டுருவோம்.

— அட்டையா? பஸ் ஸ்டாப் நிழல்குடையில எம் பேரு. உங்க ஸ்கூல் ட்யூப்லைட் பூராவும் எம் பேரு.

— ஆமாங்க ஐயா. பேரு போக மிச்ச இடத்துல கொஞ்சம் வெளிச்சமும் வருது.

— சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் கண்காட்சிக்கு இந்தப் பெட்டி எதுல போகுது?

— உங்க வேன்ல ஐயா.

— எம் பேரு இல்லாத பெட்டி என் வேன்ல ஏறாது.

— மூணு வாரமாப் பிள்ளைக உக்காந்து வரைஞ்சது ஐயா.

— வரைஞ்சது யாரு? அந்தா பிரஷ்ஷோட நிக்காளே, அவளா? ஏட்டி, இங்க வா. உம் பேரென்ன?

— வின்சி.

— எம் பேரு இதுல எழுதத் தெரியுமா?

— தெரியும் ஐயா. எழுத மாட்டேன்.

— வின்சி, ஐயாட்ட அப்படிப் பேசக் கூடாது.

— பேசட்டும் டீச்சர். இவளுக்கு உண்மையிலயே தெரியுதான்னு பாப்போம். சொல்லு, ஆவுடையப்பனுக்கு என்னென்ன வரும்?

— ஆ-வுக்கு ஒரு கழுகு. வு-க்குக் காடைக்குஞ்சு. ட-வுக்கு ஒரு கை. ய-வுக்கு ரெண்டு நாணல். ப-வுக்கு ஒரு மணை. ன்-னுக்குத் தண்ணி அலை.

— காடைக்குஞ்சா? சிங்கம் கிங்கம் கிடையாதா?

— சிங்கம் ல-வுக்கு. உங்க பேருல 'ல' இல்லையே ஐயா.

— இல்லாட்டி என்ன, கடைசில ஒண்ணு சேத்துக்கோ.

— சேத்தா ஆவுடையப்பன்ல்னு வாசிப்பாங்க.

— சரி, காடையே இருந்துட்டுப் போகட்டும். இந்தப் பாம்ப அழிச்சுட்டு எழுது.

— மாட்டேன்.

— நீ யாரு பிள்ளைட்டி?

— உங்க கம்பெனில துணி மடிக்காங்களே இருதயம், அவங்க மக.

— அவன்கிட்டச் சொன்னா என்ன ஆகும் தெரியுமா?

— அப்பாவும் எழுதாதன்னுதான் சொல்லுவாங்க. டீச்சர், ஏன்னு சொல்லிறவா?

— வேண்டாம் வின்சி.

— ஏன் வேண்டாம்? நான் சொல்லுதேன், சொல்லு.

— பெட்டி மேல யாரு பேரு இருக்கோ, அவங்கதான் உள்ள செத்துக் கெடக்காங்கன்னு அர்த்தம் ஐயா.

— என்னது?

— அதான் ஐயா நான் அட்டையில போடுவோம்னு...

— டீச்சர், அடுத்த மாசம் எனக்கு அறுபதாங் கல்யாணம். பத்திரிகை அடிச்சாச்சு. என்னைய உசுரோட உள்ள தள்ளப் பாத்தீகளே.

— நீங்கதான ஐயா கேட்டீங்க.

— எம் பேரு வேண்டாம். அட்டையிலயும் வேண்டாம். வேன் வரும், பெட்டிய ஏத்திக்கிட்டுப் போங்க. ஆமா, இப்ப அதுல இருக்கது யாரு பேரு?

— எம் பேரு. பாம்பு, நாணல், தண்ணி, மடிச்ச துணி, திரும்ப ஒரு நாணல். துணிய எங்கப்பா மடிக்கிற மாதிரியே மடிச்சிருக்கேன், பாருங்க.

— பயமா இல்லையாட்டி உனக்கு?

— சனிக்கிழமை உள்ள படுக்கப் போறதே நாந்தான ஐயா. பிழையில்லாம முதல்ல எழுதி முடிக்கிறவங்களுக்குத்தான் பெட்டின்னாங்க டீச்சர். நான் முடிச்சேன். இந்த வளையமெல்லாம் எல்லாருக்கும் போட மாட்டாங்க, ராசா ராணிக்கு மட்டுந்தான்.

— பொணமா நடிக்கதுக்கு ராசா வளையமா?

— பொணம்னு அவங்க நெனைக்கலையே. பேர ஒருத்தர் வாய்விட்டு வாசிச்சாப் போதும், அவங்க உசுரோட இருக்காங்கன்னு நம்புனாங்க. எப்பவோ செத்த ராசா ஒருத்தர் பேர எங்க வகுப்புல நாப்பது பேரும் சத்தமா வாசிச்சோம். நாலாயிரம் வருசம் கழிச்சு அவரு ராஜபாளையத்துல இருந்தாரு ஐயா.

— நாலாயிரமா?

— ஆமாங்க ஐயா, அதுக்கு மேலயே இருக்கும்.

— கண்காட்சிக்கு எம்புட்டுப் பேரு வருவாங்க டீச்சர்?

— மூவாயிரம் பேரு வருவாங்க. வாசல்லயே பிள்ளைக ஒவ்வொரு எழுத்தாச் சொல்லிக் குடுத்து, வாசிக்க வெச்சுத்தான் உள்ள விடுவாங்க.

— மூவாயிரம் பேரும் வாய்விட்டு வின்சி, வின்சின்னு?

— ஆமா ஐயா.

— செத்த இருங்க. கண்காட்சி ரெண்டு நாள்தான? ஏட்டி வின்சி, சனிக்கிழமை நீயே படுத்துக்கோ. ஞாயித்துக்கிழமை எம் பேரப் போட்டு இதுல நான் படுத்தா கால் முட்டுமா?