ரொட்டிக்காரரின் கொடி

அருங்காட்சியகமாகிவிட்ட இந்தக் கப்பலைக் காலையில் திறந்ததும் பார்வையாளர்கள் முதலில் கேட்பது கழிப்பறை எங்கே என்றுதான். கலங்கரை விளக்கம், கடல் எல்லாம் அதற்குப் பிறகுதான். இங்கே வழிகாட்டியாக இருக்கிற எனக்கு அதில் வருத்தமில்லை, மேடம். நிர்வாகியாக வந்த அன்று நீங்களும் அதைத்தானே கேட்டீர்கள்.

இந்தக் கப்பல் ஓடிய காலத்தில், பதினைந்து நாளுக்கு ஒருமுறை நடுக்கடல் பாறையிலிருந்த கலங்கரை விளக்கத்துக்குத் தண்ணீரும் மாவும் கொண்டுபோவோம். கப்பல் தள்ளி நிற்கும். நான் மட்டும் சின்னப் படகில் போய்ப் பாறையோரத்து அலையைப் பார்ப்பேன். வெள்ளைக் கொடி தூக்கினால் சரக்கு இறங்கும். சிவப்பு என்றால் கப்பல் திரும்பிவிடும். கேப்டனே ஆனாலும் மறுபேச்சு கிடையாது.

பாறையில் ஒற்றை ஆள் காவல், என் தங்கை புருஷன். வாய்த்துடுக்கு அதிகம். ஒருமுறை மூட்டையில் கொஞ்சம் தண்ணீர் பட்டுவிட்டது. "மச்சான், மாவக் கடல்லயே பெசஞ்சு கொண்டாந்துட்டீங்க. அடுத்த தடவ ரொட்டியாவே சுட்டுக் கொண்டாந்துடுங்க" என்றான். அதையே புகாராகவும் எழுதி அனுப்ப, கேப்டன் சாப்பாட்டு மேசையில் வாசித்துக் காட்டினார். நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றுமுதல் கப்பலில் என் பெயர் ரொட்டிக்காரர்.

அடுத்த முறை சிவப்பைத் தூக்கினேன். ஒரு தடவை காத்திருக்கட்டும், மாவின் அருமை தெரியட்டும் என்றுதான். ஒருமுறை இறக்கினால் ஒரு மாதத்துக்குத் தாங்கும் கையிருப்பு அவனிடம் இருக்கும். படியில் நின்று இரண்டு கையையும் ஆட்டினான். நானும் மரியாதைக்கு ஆட்டினேன்.

அதற்கடுத்த முறையும் சிவப்புதான். இறக்கியிருந்தால் முதல் தடவைக்கும் சேர்த்துப் புகார் எழுதியிருப்பானே. அன்று அவன் படியில் உட்கார்ந்தே இருந்தான்.

புயலால் சரக்கு போய்ச் சேராமல் காவலாளி பசி தாகத்தில் இறந்தார் என்று இங்கே பலகையில் எழுதியிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நானே அதை உருக்கமாகச் சொல்வேன். கிடங்கில் கிடைத்ததென்று நேற்று அவனுடைய பதிவேட்டைக் காட்டினீர்கள். "கடல் அமைதி. மச்சான் வந்தார், போனார். இன்னும் கோபம் தீரலை." கையெழுத்து அவனுடையதுதான். ஆமாம், நான்தான் அவனைக் கொன்றேன்.

தங்கை அப்போதிருந்து என் வீட்டில்தான் இருக்கிறாள். "அண்ணன் மட்டும் இல்லன்னா என் கதி என்னாயிருக்கும்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வாள். அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஒன்று மட்டும், மேடம். மூன்றாம் முறை வெள்ளைக் கொடி காட்டி மூட்டையை நானே பாறையில் இறக்கினேன். அதில் ஒரு சொட்டு ஈரமில்லை. பலகையை மாற்றும்போது அதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.