முதுகை மட்டும் எடுத்த படம்

“என்ட முதுகத்தான் காக்கா படமெடுத்தாங்க. பயப்பிட ஒண்டுமில்ல.”

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இருந்த மௌலவி தன் கூட்டாளியை அண்ணன் முறையில் ‘காக்கா’ என்றழைத்து இப்படிச் சொன்னார். யுத்தம் முடிந்து நடந்த தேர்தலைப் பற்றிக் கொழும்பில் யாரோ எடுக்கும் ஆவணப்படத்தில் அவர் பேசியிருக்கிறார்.

“அப்படி என்னத்தச் சொன்னீங்க ஹஸ்ரத்?”

“சுனாமி வீடு வேணுமெண்டா எங்களுக்கே வோட்டுப் போடுங்க எண்டு மந்திரிட ஆக்கள் வெருட்டினதச் சொன்னன். எதிர்த்துக் கதைச்சவன வேன்ல தூக்கினதையும் சொன்னன்.”

“அல்லாவே! ஆளத் தெரிஞ்சிருமே!”

“குரல மாத்திருவாங்க. மூஞ்சி வராது, முதுகு மட்டும்தான்.”

கூட்டாளி அவர் பக்கம் திரும்பினார்.

“ஹஸ்ரத், நீங்கதானே எங்களத் தொழுவிக்கிறீங்க. அஞ்சு நேரமும் உங்களுக்குப் பின்னால நிக்கிறம். ஊருக்கு உங்கட மூஞ்சிய விட முதுகத்தான் நல்லாத் தெரியும்!”

மௌலவி தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

“சரி விடுங்க. மந்திரிட ஆக்கள் பள்ளிப் பக்கமே வாறதில்லையே,” என்று தேற்றினார் கூட்டாளி.

“வோட்டுக் கேட்ட மாசம் முழுக்க முதல் வரிசையில நிண்டாங்க காக்கா. எனக்கு நேரப் பின்னால.”

நிந்தவூர் தாண்டியதும் மௌலவி படமெடுத்தவருக்குப் போன் எடுத்தார்.

“தம்பி, அந்த முதுக வெட்டிருங்க. ஓம், நாளைக்குப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வாங்க. எப்படியும் பிடிபடத்தான் போறன், மூஞ்சியக் காட்டியே சொல்லிடுறன்.”

“அஸருக்குப் பிறகா ஹஸ்ரத்?” என்றார் கூட்டாளி.

“ஓம். ஏன்?”

“அந்த நேரம் நான் நாவிதன்வெளி வயல்ல நிப்பன். ஆரும் கேட்டா அப்படியே சொல்லுங்க.”